பழைய கிதாரும் அதன் ஸனதும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் இன்று ஆலைகளே அணிவகுத்து நிற்கின்றன. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த அந்த மண்ணில், கடந்த 30 ஆண்டுகளுக்குள் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் விளையத் தொடங்கிவிட்டன. அங்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், 2015இல் உற்பத்தியைத் தொடங்கிய யமாஹா மோட்டார் சைக்கிள் ஆலை ஒன்று உள்ளது. அந்நிறுவனத்தின் சின்னத்தை உற்று நோக்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வட்டத்திற்குள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மூன்று இசைக்கவைகள் அதில் உள்ளன.

இசைக்கவை என்பது சுருதி பார்க்கும் கருவி. மோட்டார் சைக்கிளுக்கும் சுருதிக்கும் என்ன உறவு என்று வியப்பு எழலாம். ஜப்பானின் ஹமமட்சு நகரில் டொரகுசு யமாஹா என்பவர் 1887இல் பழுதுற்ற ஆர்கன் ஒன்றைச் சீர்படுத்த அழைக்கப்பட்டார். சீர்படுத்தியவர், தாமே ஒன்றைச் செய்து பார்க்கவும் துணிந்தார். அதுவே ஒரு பெரும் இசைக்கருவி நிறுவனத்தின் தொடக்கம். மோட்டார் சைக்கிள் தொழில் 1955இல் அதிலிருந்து கிளைத்த தம்பிதான். மூத்தவரான இசைக்கருவி நிறுவனமும் பின்னர்ச் சென்னைக்கு அருகில் ஓர் ஆலையை நிறுவிக் கிதார் முதலியவற்றைச் செய்து வருகிறது. ஆகவே, ஓர் இளைஞர் புதிய கிதார் ஒன்றை விரும்பினால், அதற்காகக் கடல் கடக்க வேண்டிய காலம் போய்விட்டது.

அவ்வாறிருக்க, பழைய கிதார் ஒன்றுக்காக மனிதர் ஏன் ஏங்குகின்றனர்? கீறலும் விரிசலும் கண்ட ஒரு மரப்பெட்டியைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்புவதில் அப்படியென்ன இன்பம்? இக்கேள்வியை என்னிடம் கொண்டு வந்தவர் என் பழைய மாணவர் ஒருவர்.

இரண்டு கேள்விகள்

மதரஸாவில் என்னிடம் அரபு இலக்கணம் பயின்று, பின்னர்ப் பொறியியல் கற்று, இப்போது ஒரகடம் பகுதியில் வாகன உறுப்புகள் செய்யும் ஓர் ஆலையில் பணிபுரிகிறார் அவர். சென்னையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து நைலான் தந்தி பூட்டிய கிதார் ஒன்றை வாங்கியிருந்தார். இரவுப் பணி முடித்து அறைக்கு வந்த பிறகும் உறக்கம் பிடிக்காமல், அதன் உள்ளே விளக்கடித்துப் பார்ப்பதும் துணியால் துடைப்பதுமாக ஒரு வாரம் கழிந்ததாம். பிறகு அதையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

"ஹஜ்ரத், இது நூறாண்டுப் பழமையானது என்று விற்றவர் சொன்னார். கிதாரைக் கண்டுபிடித்தவர் நம்முடைய ஸிர்யாப்தான் என்று ஒரு சொற்பொழிவிலும் கேட்டேன். இரண்டும் உண்மைதானா?" என்று கேட்டார்.

இசைக் கருவிகளைப் பற்றி நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். அவ்விவாதத்தைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனக்குக் கிதார் இசைக்கவும் தெரியாது. ஆயினும் ஒரு சொல்லும் ஒரு பொருளும் கடந்து வந்த வழியை ஆராய்வதற்கு எவ்விதத் தடையும் இல்லை. அவருடைய இரண்டு கேள்விகளும் வரலாற்றுக் கேள்விகளே. எனவே அவற்றை வரலாற்றின் துலாக்கோலிலேயே நிறுத்துப் பார்த்தோம்.

பெயர் வந்த வழி

முதலில் பெயர். பண்டைய கிரேக்கர்களிடம் கிதாரா என்றொரு நரம்புக் கருவி இருந்தது. அச்சொல் அராமிய மொழி வழியாக அரபியில் 'கீஸாரா' என்று வழங்கியது. அரபியர் ஆண்ட அந்தலுஸில், அதாவது இன்றைய ஸ்பெயினில், அது 'கித்தார்ரா' எனும் ஸ்பானியச் சொல்லாயிற்று. பின்னர் உலக மொழிகள் அனைத்திலும் பரவி, தமிழிலும் கிதார் என வந்து சேர்ந்தது. ஸ்பானிய மொழியின் அரச அகராதிக் கழகமும் இவ்வழியையே குறித்திருக்கிறது. ஆகவே, இன்று கிதார் என்று சொல்லும் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலேயே அரபு மொழி நடந்த தடத்தில் ஒரு காலை வைக்கின்றனர்.

ஆனால் பெயர் வேறு, உடல் வேறு. கிரேக்கக் கிதாரா கழுத்தில்லாத கருவி. நம் பழைய யாழைப் போல நரம்புக்கு ஒரு சுரமே அதில் எழும். இன்றைய கிதாருக்கோ நீண்ட கழுத்து உண்டு. இடக்கை விரல்களால் தந்தியை அழுத்தி ஒரே தந்தியில் பல சுரங்களை எழுப்பலாம். பெயர் ஒரு வீட்டிலிருந்தும் உடல் வேறொரு வீட்டிலிருந்தும் வந்திருக்கின்றன.

அரபியருக்கு உயிரான கருவி 'ஊத்'. அச்சொல்லுக்கு மரக்கட்டை என்று பொருள். அத்தர்க் கடைகளில் 'ஊது' என்று விற்கப்படும் அகிற்கட்டையின் பெயரும் அதுவே. ஊதின் தந்திகளையும் சுர இடைவெளிகளையும் பற்றி 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி ஆராய்ந்து எழுதினார். ஹிஜ்ரி 339இல், அதாவது கி.பி. 950இல் மறைந்த தத்துவப் பேரறிஞர் அல்ஃபாராபி, 'கிதாபுல் மூஸீகல் கபீர்' எனும் பெருநூலில் அக்கலையைக் கணித நுட்பத்தோடு விளக்கினார். இந்த 'அல்ஊத்' தான் ஸ்பெயினில் 'லாஊத்' ஆகி, ஐரோப்பாவில் 'லூட்' ஆயிற்று. பெயரும் உடலும் சேர்ந்தே சென்ற பயணம் இது. லூட் எனும் கருவி ஊதின் நேர்வாரிசு என்பதில் ஐயமில்லை. முதுகு பானை போல் உருண்டிருப்பது இரண்டுக்கும் பொது. கிதாரின் முதுகோ தட்டையானது, இடையோ ஒடுங்கியது. அதனை ஊதின் பிள்ளை என்று சொல்லத் துணிவதற்கு அதன் உருவமே இடம் கொடுக்கவில்லை.

ஸிர்யாப் பெருமகனார் பக்தாதிலிருந்து புறப்பட்டு, அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் ஆட்சியில் 822ஆம் ஆண்டளவில் குர்துபா நகர் சேர்ந்தவர். ஊதுக்கு ஐந்தாம் தந்தியைச் சேர்த்ததும், மரத்துண்டுக்குப் பதிலாகக் கழுகின் இறகால் மீட்டியதும் அவர் செயல்கள் என்பர். அவர் காலத்திற்கு இரண்டு நூற்றாண்டுகள் பிந்திய இப்னு ஹய்யானும், 17ஆம் நூற்றாண்டின் அல்மக்கரீயும் தரும் செய்திகள் வாயிலாகவே அவரை நாம் அறிகிறோம். அச்செய்திகளிலும் அவர் கையில் இருப்பது ஊத், கிதாரன்று.

அப்படியாயின் அந்தலுஸுக்கும் கிதாருக்கும் உறவே இல்லையா? உண்டு, அது ஓர் அண்டை வீட்டு உறவு. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னரின் பாடற்சுவடிகளில் இசைஞர்களின் வண்ண ஓவியங்கள் பல இருக்கின்றன. முஸ்லிம் இசைஞரும் கிறித்தவ இசைஞரும் ஒருங்கமர்ந்து இசைக்கும் ஓவியமும் அவற்றில் ஒன்று. 1330ஆம் ஆண்டளவில் எழுந்த ஸ்பானியக் கவிதை நூலொன்று 'மூரியக் கிதார்', 'லத்தீன் கிதார்' என இருவகைக் கருவிகளைத் தனித்தனியே பெயர் சுட்டுகிறது. இரு சமூகத்தாரும் ஒரே நகரத்தில் வாழ்ந்து, ஒருவர் கருவியை ஒருவர் பார்த்தும் கேட்டும் திருத்தியும் வந்த சூழலில்தான் கிதார் வளர்ந்தது. அதன் பிறப்பைத் தனியொருவர் பெயரில் எழுதி வைக்க இயலாது.

பெயரை மட்டும் கொண்டு உறவு கொண்டாடுவதில் உள்ள இடருக்கு நம் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. பழம்பொருள் தேடுவோரின் புகலிடமாக விளங்கி, 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய நூல்களும் கிராமபோன்களும் இசைக் கருவிகளும் அங்கு குவிந்து கிடக்கும். ஸ்பெயின் முஸ்லிம்களை ஐரோப்பியர் 'மூர்' என்றழைத்ததை அறிந்த ஒருவர், அம்மார்க்கெட்டும் அவர்கள் பெயரால் அமைந்ததே என்று எழுதிவிடலாம். உண்மையில் அது சென்னை நகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் எனும் ஆங்கிலேயரின் பெயர். ஒலி ஒன்றாக இருப்பதனால் மட்டும் உறவு ஒன்றாகிவிடாது.

கைமாறிய கருவிகள்

இனி இரண்டாவது கேள்வி. கருவியின் வயதை எங்ஙனம் அறிவது?

நாம் இன்று செவ்வியல் கிதார் என்று சொல்லும் வடிவம் மிகப் பழமையானதன்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் விஹுவேலா எனும் கருவி சிறந்திருந்தது. அதற்கென லூயிஸ் டி மிலான் எழுதிய இசைநூல் 1536இல் வலென்சியாவில் அச்சாயிற்று. பின்னர் ஐந்து இணைத் தந்திகள் கொண்ட கிதார் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆறு தனித்தந்திகள் நிலைபெற்றன. இன்றைய அளவையும் அமைப்பையும் வகுத்தவர் அல்மெரியா நகரத்தையடுத்த சிற்றூரில் 1817இல் பிறந்த அந்தோனியோ டி டோரெஸ் எனும் தச்சர். மேற்பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் அடியில் விசிறி போல் விரியும் மெல்லிய சட்டங்களைப் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அவரே. கிதாரின் ஒலி பிறப்பது மேற்பலகையில்தான் என்பதை மெய்ப்பிக்க, 1862இல் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையால் செய்து ஒரு கிதாரை அவர் உருவாக்கினார். அது பார்ஸிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1869இல், செவில் நகரிலிருந்த அவருடைய பட்டறைக்குப் பிரான்சிஸ்கோ தார்ரெகா எனும் பதினாறு பதினேழு வயது இளைஞர் கிதார் வாங்க வந்தார். டோரெஸ் முதலில் எளிய கருவி ஒன்றையே எடுத்துக் காட்டினாராம். இளைஞர் வாசிக்கக் கேட்டதும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, 1864இல் தமக்கென்று செய்து வைத்திருந்த கிதாரை எடுத்து வந்து கொடுத்தார் என்று தார்ரெகாவின் மாணவர்கள் வழியாகச் செய்தி வந்திருக்கிறது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதுவே தார்ரெகாவின் துணையாயிற்று. கர்நாத்தாவின் அல்ஹம்ரா மாளிகையின் நினைவுகள் என்ற பெயரில் அவர் இயற்றிய இசை இன்று உலகெங்கும் கேட்கப்படுகிறது. ஹிஜ்ரி 897இல், கி.பி. 1492இல், நம்மவர் கையைவிட்டுப் போன அந்நகரின் மாளிகையை, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு ஸ்பானியர் ஆறு தந்திகளில் நினைவுகூர்ந்தார்.

1912இல் மாட்ரிட் நகரில் இதைப் போன்றே மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. ஆந்த்ரேஸ் ஸெகோவியா எனும் 19 வயது இளைஞர், அரங்கேற்றத்திற்காக ஒரு கிதாரை வாடகைக்குக் கேட்டு மானுவேல் ராமிரெஸ் என்பவரின் பட்டறைக்குச் சென்றார். அவர் வாசிப்பைக் கேட்ட ராமிரெஸ், காசு எதுவும் பெறாமல் அதைப் பரிசாகவே கொடுத்துவிட்டார் என்று ஸெகோவியா தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1937இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஹவுஸர் செய்த கிதார் கைக்கு வரும்வரை 25 ஆண்டுகள் அதை வாசித்தார். அவ்விரு கருவிகளும் 1986இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக வழங்கப்பட்டன.

பழைய கிதாரை விரும்புவோரின் பரவசம் இங்கேதான் பிறக்கிறது. செய்தவர் இன்னார், பெற்றவர் இன்னார், அவரிடமிருந்து அடைந்தவர் இன்னார் என்று ஒரு சங்கிலி தொடர்கிறது. மதரஸாவில் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அறிவிப்பாளர் தொடரை நாம் ஸனது என்கிறோம். தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும், ஓர் அறிவிப்பாளர் நம்பிக்கைக்கு உரியவராக இல்லாவிட்டாலும், சொல் எத்துணை இனிமையாக இருந்தாலும் ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதைத் தள்ளி வைத்தார்கள். பழங்கருவி வாங்குவோருக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். டோரெஸின் பெயர்ச்சீட்டைப் போலியாக அச்சிட்டு, வேறு கிதார்களுக்குள் ஒட்டி விற்றவர்களும் உண்டு. சீட்டு பொய் சொல்லலாம். மரம் பொய் சொல்வது அரிது.

மரம் சொன்ன சாட்சி

மாணவரும் நானும் சென்னையில் கருவிகளைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் அந்தக் கிதாரைக் கொண்டு சென்றோம். அவர் சீட்டைப் பார்க்கவேயில்லை. முதலில் மேற்பலகையை விரல் நுனியால் மெல்லத் தட்டினார். உள்ளிருக்கும் சட்டம் ஏதேனும் விட்டிருந்தால் அதிர்வு கரகரக்கும் என்றார். பிறகு கழுத்தின் வளைவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தந்திகளைத் தாங்கும் கட்டையருகே பலகை உள்வாங்கியிருக்கிறதா என்று சோதித்தார். இறுதியில் இரண்டு சாட்சிகளைச் சுட்டிக் காட்டினார்.

மேற்பலகை செம்பழுப்பு நிறத்துச் செடார் மரம். முன்பெல்லாம் அதற்கு வெளிர் நிறமுள்ள ஸ்புரூஸ் மரத்தையே கையாண்டனர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் செடாரைச் செவ்வியல் கிதாருக்குப் பழக்கப்படுத்தியவர் மாட்ரிட்டின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ்; அது நடந்தது 1960களில். முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம்; அதிலும் பிரேசில் ஈட்டியன்று, தோதகத்தி என்றும் நாம் வழங்கும் தென்னிந்திய ஈட்டி. நெடுங்காலம் பிரேசில் ஈட்டியே கிதாருக்கு உயர்ந்ததாகக் கருதப்பட்டது. அது அரிதானபோது கிதார் செய்வோர் இந்திய ஈட்டியை நாடினர். அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் 1969இல் அவ்வாறு மாறியது. ஆகவே இரு சாட்சிகளும் ஒன்றையே கூறின: கருவிக்கு நூறு வயது இல்லை, அறுபதை எட்டினாலே அதிகம்.

மாணவரின் முகம் வாடியது. அப்போது அந்த முதியவர், "தம்பி, இந்த முதுகுப் பலகை எந்த ஊர் மரம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளர்வது அம்மரம். நம் மலைகளில் நின்ற மரம் கப்பலேறிச் சென்று, அயல்நாட்டுத் தச்சர் கையில் கிதாராகி, யாரோ ஒருவருடன் சென்னைக்கே மீண்டிருக்கக் கூடும். மேலே பூசியிருக்கும் மெருகோ அரக்கு. உலகுக்கு அரக்கை அளிப்பதில் நெடுங்காலமாக முதலிடம் வகித்தது இந்தியாவே. நூறாண்டு என்ற பொய் போன இடத்தில், அதைவிட நெருக்கமான ஓர் உண்மை வந்து அமர்ந்தது. மாணவரின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். விற்றவர் சொன்ன கதையில் பிறந்த மகிழ்ச்சி ஒரு வாரம் இருந்தது. மரம் சொன்ன உண்மையில் பிறந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

பழைய கிதார் வாங்க எண்ணும் இளைஞர்களுக்குப் பயன்படும் என்பதால், அந்த முதியவர் கூறியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். செவ்வியல் கிதாருக்கு முற்காலத்தில் ஆட்டுக்குடல் நரம்பைப் பூட்டினர். இரண்டாம் உலகப்போரில் அது கிடைப்பது அரிதாகவே, போருக்குப் பின் நைலான் தந்தி வந்தது. எஃகுத் தந்தியின் இழுப்பு நைலானைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அதைப் பூட்டினால் பழைய கருவியின் மேற்பலகை பிளந்துவிடும். பழைய கருவிகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோலிலிருந்து எடுத்த வச்சிரப் பசை. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் அது இளகிவிடும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருப்பது மரத்திற்கு நலம். சென்னையின் கடற்காற்றில் அதனினும் மிகும். குளிரூட்டிய அறையில் குறையும். எனவே பெட்டிக்குள் வைத்துக் காப்பதே முறை.

சட்டத்தையும் மறத்தலாகாது. பிரேசில் ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடை செய்யப்பட்டது. அம்மரத்தாலான பழங்கருவியை உரிய சான்றிதழ் இன்றி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டு செல்ல இயலாது. ஈட்டி இனம் முழுவதும் 2017 முதல் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. 2019இல், பிரேசில் ஈட்டி நீங்கலாக, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் ஈட்டி மரத்தைக் காக்க 1994இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஒரு கிதாரின் முதுகுக்கு ஏற்ற பலகை தருமளவு ஈட்டி மரம் பருக்கப் பல தலைமுறைகள் ஆகும். உள்ள கருவியைப் பேணிக் காப்பதும் ஒருவகையில் காட்டைக் காப்பதேயாகும்.

இழந்ததும் இருப்பதும்

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சங்கப் புலவர்கள் போற்றிய யாழ் நம்முடையது. அதன் உறுப்புகளை இலக்கியம் விரித்துரைக்கிறது. ஆயினும் அக்காலத்து யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து, 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' வாயிலாக அதன் வடிவையும் இசையையும் மீட்க முயன்றார். ஒரே ஒரு பழைய யாழ் எவர் வீட்டுப் பரணிலாவது தப்பியிருந்தால் அப்பெரியாரின் உழைப்பு எவ்வளவோ எளிதாகியிருக்கும். ஸ்பானியர்கள் தம் கிதார்களைக் காத்தார்கள். காத்ததனால் அவர்களால் ஐயமறப் பேச முடிகிறது. நாமோ பாட்டைக் காத்தோம், கருவியை இழந்தோம்.

நம் குடும்பங்களிலும் பழம்பொருள்கள் உள்ளன. பாட்டனார் ஓதிய கையெழுத்துக் குர்ஆன் பிரதி, அரபுத்தமிழில் எழுதிய ஏடு, இரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ கொண்டு வந்த ஒரு பெட்டி எனப் பல இருக்கும். அவற்றைப் பழைய சாமான் என்று எடைக்குப் போடுவது ஒரு குற்றம். இல்லாத பெருமையை ஏற்றி ஆயிரமாண்டுப் பழமை என்று கூறுவது மற்றொரு குற்றம். முதலாவது பொருளை அழிக்கிறது; இரண்டாவது அதன் ஸனதை அழிக்கிறது.

கிதாரை அரபியர் கண்டுபிடித்தனர் என்று கூறுவதால் அரபியருக்குப் புகழ் கூடிவிடாது. பெயரை அளித்தனர், அருகில் வாழ்ந்தனர், ஊதின் வழியாக ஐரோப்பாவின் இசைக்குத் தந்தியின் கணக்கைக் கற்பித்தனர் என்ற உண்மையே போதுமான புகழ். பழம்பொருளைக் கைக்கொள்பவர் அதற்கு உடைமையாளர் மட்டுமல்லர். அடுத்த கைக்குச் சேரும்வரை அதைக் காக்கும் அமானிதக்காரர். என் மாணவர் தம் கிதாரின் பெட்டிக்குள் ஒரு தாள் வைத்திருக்கிறார். தாம் அதை வாங்கிய நாளும் விலையும், பழுது பார்த்த முதியவர் கண்டு சொன்ன மரங்களின் பெயரும், ஏறத்தாழ 1970 என்ற காலக் கணிப்பும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. நூறாண்டு என்ற சொல் அதில் இல்லை.